எந்தப் படகு?

முதுநகரில் ஐஸ் பேக்டரிக்கு எதிரே எங்கள் கடை.
புரொப்பல்லர், புஷ், ஃபேன்பெல்ட்,
கியர் ஆயில் டின்களுக்கு நடுவே நான்.
யார் வந்து எது கேட்டாலும்
பொருளை எடுக்குமுன் ஒரு கேள்வி உண்டு:
எந்தப் படகு?

கடன் நோட்டில் ஆள் பெயர் கிடையாது.
சிங்காரத்தோப்பு வேலவன், நாசில் இரண்டு.
அக்கரைக்கோரி முத்துமாரி, ஆயில் சீல்.
ஆள் பொய் சொல்லலாம்.
படகு உப்பனாற்றில்தான் நிற்கும்,
எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தடைக்காலத்தின் பதினோராம் நாள்.
படகெல்லாம் கரையில், ரிப்பேர்,
கடையில் கால்வைக்க இடமில்லை.
தோளுக்கும் காதுக்கும் நடுவே போன்.
"பேங்க்லேர்ந்து பேசுறோம் மேடம்.
உங்க கரண்ட் அக்கவுண்ட் இன்னிக்கு ராத்திரியோட நிக்கப்போவுது."
என் பெயர் தெரிந்திருந்தது அவனுக்கு,
ஜிஎஸ்டி எண்ணின் கடைசி மூன்றெழுத்தும்.
குரலில் அப்படி ஒரு பணிவு.
எங்கள் கிளை மேலாளர் ஒருநாளும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை,
அதிலேயே உஷாராகியிருக்க வேண்டும்.

ஆறு இலக்கம் வந்து விழுந்தது.
நாலு. ஒன்று. ஒன்று.
நட்டு எண்ணிப் போடுகிற மாதிரி சொல்லிக்கொண்டே போனேன்.
ஏழு.
அந்த நேரம் பார்த்து ஒருவன்
இம்பெல்லரை எடுத்துக் கைலிக்குள் செருகப் போக
என் வாய் தானாகக் கத்தியது:
"எந்தப் படகு?"

போனில் இருந்தவன் தன்னைத்தான் என்று நினைத்துக்கொண்டான்.
"என்ன மேடம்?"
"நீங்க எந்தப் படகுன்னு கேட்டேன்."
மூன்று நொடி பதில் இல்லை.
அவனுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து குரல்கள்,
எல்லாம் பணிவான குரல்கள்,
யார் யாருக்கோ எதெதுவோ நிற்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தன.
"சீக்கிரம், இன்னும் ரெண்டு நம்பர்" என்றான்.
மேடம் கழன்று விழுந்திருந்தது.

வைத்துவிட்டேன்.
அன்று சாயங்காலத்துக்குள்
ஸ்பேனரை மூன்று தடவை கீழே போட்டேன்.

ராத்திரி சோற்றுத் தட்டுக்கு முன்னால்
இதையே சிரிப்பாகச் சொன்னேன்.
நித்திலா சிரித்தாள்.
அவர் சிரிக்கவில்லை.
மீன்முள்ளை ஒவ்வொன்றாகத் தட்டோரம் அடுக்கினார்.
பிறகு தட்டைப் பார்த்தே,
"டீசல் மானியம்னு ஒரு லிங்க் வந்துச்சு.
போன ஆடியில. இருபத்திரெண்டாயிரம்."

ஆடியிலிருந்து சித்திரை.
காய்ச்சல் என்று அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த வாரம்,
நான் வைத்துக் கொடுத்த மிளகு ரசம்.
ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று
நாக்கு நுனிவரை வந்தது.
பகலில் நாலு இலக்கம் சொன்ன அதே நாக்கு.
விழுங்கிக்கொண்டேன்.

கை கழுவிவிட்டு உட்கார்ந்தோம்.
கடை மெயிலின் கடவுச்சொல்
எங்கள் பழைய படகின் பெயரும் பதிவெண்ணும்.
ஓரடி உயரச் சிவப்பு பெயின்ட்டில்
அணியத்தின் இரண்டு பக்கமும் எழுதி
பத்து வருஷம் கடலுக்கு அனுப்பியதும் அதைத்தான்.
வீட்டு வைஃபைக்கும் அதே.
நித்திலா தலையில் அடித்துக்கொண்டாள்.
வேலையை விட்டுப்போன அமிர்தவேலின் போனில்
கடை மெயில் இன்னும் திறந்தே கிடந்தது.
நல்ல பையன், போகும்போது ஷட்டர் சாவியை
ஞாபகமாகக் கொடுத்துவிட்டுத்தான் போனான்.
எல்லாவற்றையும் மாற்றினோம்.
புதுசு என்னவென்று இங்கே எழுதமாட்டேன்.

காலண்டருக்குக் கீழே சுவரில்
மார்க்கரால் 1930 என்று எழுதினாள் மகள்.
"காசு போனா உடனே கூப்பிடணும்ப்பா, அந்த மணிநேரத்துலயே."
அவர் போய் எண்ணைத் தொட்டுப் பார்த்தார்.
மை காயவில்லை,
விரலில் ஒட்டிக்கொண்டது.

அதே விரலால் தன் போனுக்குப் புது பின் போட்டார்.
ஒவ்வொரு எண்ணுக்கும் உதடு அசைந்தது.
இருபத்தாறு வருஷமாக
அவர் சட்டைப்பையின் சில்லறை வரைக்கும் தெரிந்தவள் நான்.
முகத்தைத் திருப்பிக்கொண்டு
ஜன்னல் வழியாகக் கரையைப் பார்த்தேன்.
பெயின்ட் சுரண்டி, பெயர் போய்,
வரிசையாக நின்றன படகுகள்.
"ஆச்சு" என்று அவர் சொல்லும்வரை
திரும்பவில்லை.