மோட்டார் கோப்பு

தலைமைச் செயலகத்திலிருந்து ராஜ்நிவாசுக்கு
பாரதி பூங்காவை ஒட்டி நடந்தால் ஒன்பது நிமிடம்.
வெயிலென்றால் பதினொன்று.
மோட்டார் கோப்பு அந்தத் தூரத்தை
ஐப்பசியில் நடக்கத் தொடங்கியது.

கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை:
இருபது குதிரைத்திறனில் டீசல் மோட்டார் ஒன்று,
நூறடி ஹோஸ்,
முழங்கால் வரை தண்ணீர் நிற்கும் நான்கு தெருவுக்கு.
எழுதிக் கொடுத்தவர் ஞானாதிக்கம்,
நகராட்சி பம்பு ஆபரேட்டர்.
அவரிடமிருந்த ஆதிக்கமெல்லாம்
பெயரின் பின்பாதிதான்.

அமைச்சர் பச்சை மையில் 'சரி' என்றார்.
நிதித்துறை 'சரி, ஆனால்' என்றது.
மாளிகை 'ஏன்' என்று கேட்டது.
அந்த 'ஏன்' டெல்லிக்கு விமானம் ஏறியது.
அங்கே மழையை
ஆவணியோடு மூட்டை கட்டியிருந்தார்கள்.

சாமி வரம் தந்தாலும் பூசாரி தரமாட்டான் என்பார்கள்.
எங்கள் ஊரில் யார் சாமி, யார் பூசாரி என்பதே
இன்னும் வழக்கில் இருக்கிறது.

கார்த்திகையில் ஒரு மாலை
கடற்கரைச் சாலையில் அமைச்சர் பேசினார்,
குடைக்குள்ளிருந்து:
'ஓட்டு வாங்கி வந்தவனுக்கு
ஒரு மோட்டார் வாங்க உரிமை கிடையாதா?'
கைதட்டினோம். நானும்தான்.
பின்வரிசையில் யாரோ கேட்டார்:
'நகராட்சித் தேர்தல் எப்போது?'
மைக் கொரகொரத்தது.
கவுன்சிலர்கள் அறையில் நாற்காலிகளைக் கவிழ்த்து அடுக்கி
எத்தனையோ மழை ஆகிவிட்டது.
அந்த அறைச் சாவி
அமைச்சரின் துறையில்தான் தொங்குகிறது.

ஞானாதிக்கம் காத்திருக்கவில்லை.
முள்ளோடை தாண்டி, ரெட்டிச்சாவடிக்கு அப்பால்,
மச்சானின் இறால் குட்டையில் சும்மா கிடந்த எஞ்சினை
மீன் வண்டியில் ஏற்றி வந்தார்.
போகும்போது வண்டியை மோந்து பார்த்தார்கள், சாராயமா என்று.
வரும்போது யாரும் எதுவும் கேட்கவில்லை.
டீசல் அவர் காசு.
இரண்டு ராத்திரியில்
தெருவுக்குத் தரை வந்தது.

மாசியில் கோப்பு திரும்பியது,
நாற்பத்தொரு குறிப்புத் தாளும் ஒரு கேள்வியுமாக:
'தற்போது நீர் தேங்கியுள்ளதா? தெளிவுபடுத்துக.'
ஜன்னலுக்கு வெளியே புழுதி.

எல்லாரையும் சொல்லிவிட்டேன்.
ஆனால் தேதிகளைக் கூட்டிப் பார்த்தால்
ஐந்து நாள் இடிக்கும்.
அக்டோபர் இருபத்தொன்று முதல் இருபத்தைந்து வரை
கோப்பு என் மேசை இழுப்பறையில் இருந்தது.

மனுவைக் கொண்டுவந்த அன்று
ஞானாதிக்கம் ஈரச் செருப்போடு உள்ளே வந்தார்,
எனக்கு வணக்கம் வைக்காமல்.