படிக்க மட்டும்

ஹாம்பர்க்கில் ஒரு காப்பீட்டுக் கம்பெனி
வேண்டாமென்று ஒதுக்கிய இருபத்தேழு கணினிகள்
டிசம்பர் பனியில் கரகோல் வந்து சேர்ந்தன.
வட்டு ஓட்டும் பெட்டியைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள்.
இருபத்தேழும் பொக்கை வாய்.
ரகசியம் கசியக் கூடாதாம்,
யுஎஸ்பி துளைகளிலும் பசை ஊற்றியிருந்தார்கள்.
மிச்சம் ஒரே காது:
பின்பக்கத்து நெட்வொர்க் துளை.

காதாவது இருக்கிறதே என்றேன்.
பெக்தூர் சிரிக்கவில்லை.
திங்கட்கிழமை வகுப்பு. இன்று சனி.
மின்சாரம் பத்து மணி வரைதான் என்று
நர்சிங் பள்ளியின் கதவில் ஒட்டியிருந்தது.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு வட்டு.
வட்டுகூட இல்லை, வட்டின் பிம்பம்.
பிஷ்கெக்கிலிருந்து என் மடிக்கணினிக்குள்
ஆறு மணி நேரம் பேருந்தில் குலுங்கி வந்த
நாலரை கிகாபைட்.
தொட முடியாது, சுற்றாது, கீறல் விழாது.
ஆனாலும் ஏறு என்றால்
ஒரு வெற்றுக் கோப்புறையின் மேல்
சேணத்தில் ஏறுகிறவள்போல
ஒரே எம்பலில் ஏறிக்கொள்ளும்.

முதல் கணினியைத் தட்டி எழுப்பினோம்.
அறையில் யாருக்கும் கேட்காத குரலில் கத்தியது:
எனக்கொரு முகவரி தாருங்கள், யாராவது.
தந்தேன்.
எதைத் தின்று எழுவது?
சின்னக் கோப்பொன்றை ஊட்டினேன்.
கெர்னல் இறங்கியது. திரை நீலமானது.
பிறகு கோப்புறையைத் திறந்து பார்த்துவிட்டு
இங்கே ஒன்றுமில்லை என்றது.

என் திரையில் இருக்கிறது.
அதன் திரையில் இல்லை.
அதே பெயர், அதே பாதை.
கேபிளைத் திட்டினேன், ஹாம்பர்க்கைத் திட்டினேன்.
பெக்தூர் வாங்கி வந்த அஷ்லியான்ஃபூ
ஆறிப்போகும் என்ற கவலையில்லை,
அது பிறக்கும்போதே ஆறியது.
புளிப்பும் காரமும் நாக்கில் பட்ட பிறகுதான்
மூளை கொஞ்சம் விழித்தது.

பகிர்ந்துவிட்டு ஏற்றியிருக்கிறேன்.
பந்திக்குப் போனது வெற்று இலை.
சோறு விழுந்தது அதற்கப்புறம்,
என் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி.

இறக்கினேன். மறுபடி ஏற்றினேன். பிறகு பகிர்ந்தேன்.
இரண்டு வரிகள் இடம் மாறியதற்குள்
மாலை போயிருந்தது, தெஸ்கேய் மலையும்
ஜன்னலில் இல்லை.

பெக்தூர் வரிசையாகப் பொத்தான்களை அழுத்திக்கொண்டே போனான்.
பத்தொன்பதாம் எண்ணுக்குத் திரை வரவில்லை.
இது செத்தது என்று
சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டான்.

மற்ற இருபத்தாறும்
ஒரே பிம்பத்தைப் படித்தன.
படிக்க மட்டும் என்று கட்டியிருந்தேன்.
யாரும் ஒரு புள்ளியைத் திருத்த முடியாது,
மூலை மடிக்க முடியாது,
எச்சில் தொட்டுப் புரட்ட முடியாது.
எடுக்க எடுக்கக் குறையவில்லைதான்.
அதற்காக வள்ளல் என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.
நெரிசலில் மடிக்கணினி மூச்சு வாங்கியது,
சுவிட்சின் பச்சை விளக்குகள் பதறின,
எல்லாம் நாற்பது சதவீதத்தில் நின்று
வெகுநேரம் கழித்து மனமிரங்கின.

ஒன்பது நாற்பதுக்கு
கடைசித் திரையும் பெயர் கேட்டது.
கோட்டை மாட்டிக்கொண்டேன்.
இறங்கு என்று தட்டினேன்.

மாட்டேன் என்றது. பயன்பாட்டில் உள்ளது.

மறுபடி தட்டினேன்.
பயன்பாட்டில் உள்ளது.

யார்?
டார்ச்சோடு வரிசை வரிசையாக நடந்தோம்.
எல்லாரும் முடித்துவிட்டு
பெயர் கேட்டு நிற்கிறார்கள்.
பத்தொன்பதின் பின்னால் போனபோது
என் முழங்காலில் சூடாகக் காற்று பட்டது.

பக்கத்துத் திரையைக் கழற்றி இதில் செருகினோம்.
எண்பத்தெட்டு சதவீதம்.
செத்திருந்தது திரை மட்டும்.
ஒளியே இல்லாமல் இத்தனை நேரம்
படித்துக்கொண்டிருந்திருக்கிறது.

மணி ஒன்பது நாற்பத்தொன்பது.
வலுக்கட்டாயமாக இறக்கவும் ஒரு கட்டளை உண்டு.
அதைப் பாதி அடித்திருந்தேன்.
ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.

பெக்தூர் சட்டைக் கையால்
பெருக்கல் குறியைத் துடைத்தான்.
ஒரு கோடு போனது.
எண்பத்தொன்பது.