முதல் தடவை

டார்ட்டு நகரம், ஜனவரி. மாலை நாலுக்கே இருட்டு.
ரத்த வங்கியின் இரண்டாம் மாடியில்
மாரிக்கா கேட்கிறாள் கணினியை:
ஓ நெகட்டிவ், எங்கே இருக்கிறது, எத்தனை பை?

நாலே முக்கால் நொடி.

மறுபடி கேட்டாள்.
பன்னிரண்டு மில்லிநொடி.

வேகம் கூடிவிடவில்லை,
சற்றுமுன் சொன்ன பதிலை
நாக்கு நுனியில் வைத்திருந்தது, அவ்வளவுதான்.

"சராசரி நன்றாகத்தானே வருகிறது"
காபியோடு வந்து எட்டிப் பார்க்கிறான் ஊர்மாஸ்.
அவள் நினைவகத்தைத் துடைக்கிறாள்,
கேட்கிறாள், குறித்துக்கொள்கிறாள்,
திரும்பவும் துடைக்கிறாள்.
ஒவ்வொரு முறையும் அது அவளை
முன்பின் தெரியாதவளாய்ப் பார்க்க வேண்டும்,
நள்ளிரவில் கேட்பவர்களை அப்படித்தான் பார்க்கும்.

பதிவேட்டில் ஒரு வரி உறுத்துகிறது.
டிசம்பர் ஒன்பது, அதிகாலை இரண்டு பதினாறு,
வோரு மருத்துவமனை.
ஒரே கேள்வி, பதில் வருமுன்னே மூன்று தரம்.
பக்கத்தில் யாரோ எழுதியிருக்கிறார்கள்:
மென்பொருள் பிழை.

பிழையில்லை, ஊர்மாஸ்.
அது ஒரு விரல்.

முதல் அழுத்தலுக்கும் இரண்டாவதற்கும் நடுவே
இரண்டு நொடி.
இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும்
அரைநொடிகூட இல்லை.