எட்டுத் தறிக்கு மேலே ஒரு டிவி

எங்கள் தறிக்குடோனில் டிவி உண்டு,
சத்தம் கிடையாது.
கெட்டுப்போகவில்லை.
எட்டுத் தறி ஓடுகிற இடத்தில்
எவ்வளவு கூட்டி வைத்தாலும்
அது வாயைத்தான் அசைக்கும்.

தீபாவளிச் சீட்டில் எடுத்த பெட்டி.
கதவுக்கு மேலே, ஸ்லாப்பில்.
முந்தானையால் பஞ்சைத் துடைத்தால்
ஏழரை மணித் தொடர் தெரியும்.

நாலு வருசம் அப்படித்தான் பார்த்தேன்,
தார் மாற்றுகிற கைக்குத் தெரியாமல்
ஒரு கண் மேலே.
இழை அறுந்தால் அந்தக் கண்ணும் கீழே.
முடிச்சுப் போட்டு நிமிர்வதற்குள்
ஒரு கல்யாணம் நின்றுபோயிருக்கும்.

பேர் தெரியாததால் நானே வைத்தேன்.
பச்சைச் சேலைக்காரி மாராத்தாள்.
அழுதுகொண்டே இருக்கும் மருமகள் பூவாத்தாள்.
மகன்காரனுக்குப் பேர் வைக்கவில்லை,
அவன் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

மாராத்தாள் அடிக்கடி
மருமகள் காதோரம் குனிவாள்.
சிரித்துக்கொண்டே என்னவோ சொல்வாள்.
"பயப்படாத கண்ணு, நானிருக்கறனல்லோ"
என்று அதற்கு நான் வசனம் வைத்திருந்தேன்.
எனக்கு யாரும் சொல்லாத வசனம்,
அதனால் நன்றாகவே வந்தது.

பின் வரிசைத் தறிக்காரி ருக்குமணி
ஒத்துக்கொள்ள மாட்டாள்.
தண்ணி குடிக்க வெளியே வந்தால் தகராறு.
"அது கடன் கேக்குதுடி" என்பாள்.
அவள் கதையில் எல்லோரும் கடன்தான் கேட்டார்கள்.

கரண்ட் போனால் தறி நிற்கும்,
டிவியும் கூடவே நிற்கும்.
ஆக, அந்த வீட்டாரின் குரலைக் கேட்க
எங்களுக்கு வழியே இல்லாதிருந்தது,
ஸ்டிரைக் வரும்வரை.

கூலி உயர்வு கேட்டு
சோமனூர்ப் பக்கம் மொத்தத் தறியும் நிறுத்தம்.
முதல் ராத்திரி தூக்கம் வரவில்லை.
காதுக்குள் நாடா போய்ப்போய் வந்தது.
மறுநாள் ஏழரைக்கு
ருக்குமணி பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்தாள்.
சத்தத்தைக் கூட்டினேன்.

மாராத்தாள் குனிந்தாள். சிரித்தாள்.
"இந்த வீட்டு மண்ணுகூட உனக்கு ஒட்டாது,
ஒட்ட விடமாட்டேன்" என்றாள்.

எல்லாரும் ஒரு கணம் பேசவில்லை.
"கடனும் கேக்கல போ" என்றாள் ருக்குமணி.
பூவாத்தாளுக்குப் பேர் மோனிஷாவாம்.
நாலு வருச அழுகையும்
ஒரு வைர நெக்லஸுக்காம்.
குரல் வேறு, யாரோ இரவல் கொடுத்தது போல
உதட்டுக்கு அரை இழை பிந்தி வந்தது.

பதினோராம் நாள் செய்தியில் எங்கள் ஊர்.
"விசைத்தறிகள் இயங்கவில்லை" என்று சொல்லி
ஓடுகிற தறியைக் காட்டினார்கள்,
எந்த வருசத்துப் படமோ.
அப்புறம் பந்தல். கூட்டம்.
மைக்குக்கு முன்னால் எங்க வீட்டுக்காரர்,
காலையில் நான் தேய்த்துக் கொடுத்த சட்டையில்.

அவர் பேசுகிறார்.
அவர் பேச்சின்மேல்
செய்தி வாசிக்கும் பெண் பேசுகிறாள்,
பேச்சுவார்த்தை தோல்வி, அடுத்த கட்டம், இன்ன தேதி.
பிள்ளைகள் "மாமா, மாமா" என்று குதித்தன.
யாருக்கும் அவர் குரல் கேட்கவில்லை.

எனக்கு எதற்குக் குரல்?
நாலு வருசம் உதட்டைப் படித்தவள் நான்.
இந்த முறை நானாக ஒன்றும் வைக்கவில்லை.

"நாலு தறிய எடைக்குப் போட்டுறலாம்னு இருக்கறனுங்க.
ஊட்ல இன்னும் சொல்லுலீங்க."

அவ்வளவுதான்.
அடுத்து முட்டை விலை, நாமக்கல்.

பத்து மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டது.
கை கழுவியபடி கேட்டார்:
"ஏம்புள்ள, டிவில நான் வந்தனாமா?"
"வந்தீங்."
"பேசுனது கேட்டுச்சா?"
"இல்லீங். அந்தப் பொண்ணே பேசிட்டு இருந்துச்சுங்."

தலையாட்டினார்.
குடோன் பக்கம் பார்க்காமல் சாப்பிட்டார்.
நான் ரசம் ஊற்றினேன்.
எந்த நாலு என்று மட்டும்
கேட்க நினைத்தேன்.
முன் வரிசையா, பின் வரிசையா.
பின் வரிசை என்றால்
ருக்குமணிக்கு எப்படிச் சொல்வது.