நிலுவைத் தொகை

செவ்வாய், காலை ஐந்தே கால்.
புரேலா துறைமுகத்தில் மழை, வழக்கம்போல் பக்கவாட்டில்.
ஏலக்கூடத்துப் பெரிய திரையில்
கானாங்கெளுத்தி விலை இறங்கிக்கொண்டே வந்து
ஒன்று நாற்பதில் நின்றது.
யாரும் பொத்தானை அழுத்தவில்லை.
திரை செத்திருந்தது.

என்னைக் கூப்பிட்டார்கள்.
முதலில் கேபிளைப் பிடுங்குவேன்,
பிறகுதான் நாடி பார்ப்பது.

கணக்கு எழுதும் சபேலா நாற்காலியை விட்டெழுந்து
சுவரோரம் நின்றாள், கோட்டைக் கழற்றாமல்.
"ஐஸ் கம்பெனி பில் என்று நினைத்தேன்.
அவர்கள் எப்போதுமே பிழையோடுதான் எழுதுவார்கள்."
நேற்று மாலை ஆறு ஐம்பத்திரண்டு.
இணைப்பைத் திறந்தாள், வெற்றுத்தாள் வந்தது,
மூடிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மரக்குதிரை என்று பெயர் வைத்தவர்களுக்குக்
கற்பனை அதிகம்.
ஒரு புகைப்படத்தின் எடைகூட இல்லாத கோப்பு.
தட்டியது, திறந்தோம்,
விருந்தாளி மாதிரி ஓரமாய் உட்கார்ந்து
இரவெல்லாம் சாவிக்கொத்தை நகலெடுத்தது.
விடியுமுன் அவள் முகவரிப் பட்டியலில் இருந்த
நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும்
அவள் பெயரில், அவள் கையொப்பத்தோடு எழுதியது:
நிலுவைத் தொகை. இணைப்பைப் பார்க்கவும்.

கூடத்தில் ஃபிஸ் மீன்பெட்டி மேல் ஏறி
வாயால் ஏலம் போட ஆரம்பித்திருந்தான்.
இளைய வியாபாரிகள் சிரித்தார்கள்,
பிறகு சத்தம் போட்டுக் கேட்கத் தெரியாமல் விழித்தார்கள்.

நான் பதில்களில் இறங்கினேன்.
பதில் போட்டவன் பெரும்பாலும் திறந்தவன்.
பல் மருத்துவர்: இதைக் கட்டிவிட்டேனே.
இன்சூரன்ஸ்காரர்: கோப்பு காலி, மறுபடி அனுப்பவும்.
பாதிரியார்: மகளே, எதற்கு?
முப்பத்தோராவது, ஹிஹோனிலிருந்து, அன்ஷோ என்று ஒருவன்.
அதிகாலை மூன்று ஐம்பதுக்கு.
"திறந்தேன். ஒன்றும் வரவில்லை.
அப்பாவின் படகுக் கணக்கா?
எவ்வளவு என்று சொல்."

சபேலா என் முதுகுக்குப் பின்னால் வந்திருந்தாள்.
கோட்டின் ஈரம் கழுத்தில் பட்டது.
"தம்பி," என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து, "பதினோரு வருஷம்."
அடுத்தவர் அலமாரியைத் துடைக்கிறவனுக்குக்
கண் உண்டு, வாய் கிடையாது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டியிருந்தது.
"அவர் கணினியிலும் இப்போது அது இருக்கிறது.
வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டுவதற்குள் யாராவது சொல்ல வேண்டும்.
மின்னஞ்சல் கூடாது.
உங்கள் பெயரில் வரும் எதையும் அவர் இனி நம்பக்கூடாது.
குரலில்தான். வேண்டுமானால் நானே பேசுகிறேன்."

போனை எடுத்தாள். எண்ணைத் தேடவில்லை.
நான் மேஜைக்கடியில் குனிந்து
ஏற்கெனவே இறுகியிருந்த ஒரு திருகை
முறுக்கிக்கொண்டிருந்தேன்.
வெளியே ஃபிஸ், ஒன்று இருபது, ஒன்று பதினைந்து.
மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"அன்ஷோ, நான்தான்.
வைத்துவிடாதே.
சுவரோரம் ஒரு ஒயர் போகும் பார்,
அதைப் பிடுங்கு."