மாதிரி எண் 41

அளவுகோலின் தாடைகளில் மணல்.
ஊதிவிட்டுப் பழத்தைக் கவ்வக் கொடுக்கிறேன்.
நீளம் இருபத்தாறு மில்லிமீட்டர்.
அடுத்தது முப்பத்தொன்று.
அதற்கடுத்தது இடுப்பு சிறுத்து இருபத்திரண்டு.
ஒரே குலைதான்.
ஒரு குலைக்குள்ளேயே இத்தனை பிடிவாதம்.

ஸாகோராவுக்குத் தெற்கே
திரா ஆறு மணலுக்குள் இறங்கித் தொலைகிற இடத்தில்
பாஸ்ஸுவின் தோட்டம்.
வாய்க்கால் ஓரம், கழிவறைச் சுவரை ஒட்டி
நடாமல் வந்த மரம் இது.
யாரோ தின்று துப்பியது.
இப்படி முளைத்ததற்கெல்லாம் இங்கே ஒரே பெயர்: கல்த்.
கலப்பு.
சந்தையில் ஆட்டுத் தீவனத்தோடு நிறுப்பார்கள்.

பேர்போன மரங்கள் காலடியில் கன்று ஈனும்.
பிரித்து வைத்தால் அச்சு அசலாய் அதே தாய்.
விதை அப்படி இல்லை.
பாதி ஆணாய்ப் போகும்,
அது தெரியவே ஐந்தாறு வருடம் தண்ணீர் ஊற்ற வேண்டும்.
மீதிப் பாதியில்
ஒன்று நாரும் தோலுமாய்,
ஒன்று கையில் எடுத்ததும் வெடித்து ஒழுகுவதாய்.
பெட்டியில் அடுக்கி விமானம் ஏறும் மெஜூல்
மொழிபெயர்த்தால் 'யாரென்று தெரியாதது'.
அதுவும் எங்கோ ஒரு சுவரோரம்
துப்பப்பட்டதாகத்தான் இருக்கும்.

"துதா, எழுதி முடித்தாயா?" என்கிறான் பாஸ்ஸு.
தோளில் ரம்பம்.
ஆட்டுக்கொட்டகைக்கு உத்தரம் வேண்டுமாம்.
"இந்தப் பழத்தை என் ஆடே யோசித்துத்தான் தின்னும்."

சொன்னது தப்பில்லை.
பிளந்து பார்க்கிறேன்: சதை நாலு கிராம்,
கொட்டை ஒன்றரை.
சாப்பிட வந்தவனுக்கு இது ஏமாற்று.
கொட்டைகளை வரிசையாக வைக்கிறேன்.
வயிற்றுப் பிளவு ஒன்றில் ஆழம், ஒன்றில் வெறும் கீறல்.
முதுகில் முளைக்கண் மட்டும்
எல்லாவற்றிலும் நடுவை விட்டு
வால்பக்கம் இறங்கியிருக்கிறது.
சதையெல்லாம் ஆளுக்கொரு திசை போக
இந்த ஒன்றில் மட்டும் குடும்ப ஒற்றுமை.

நான் வந்த காரியம் பழமில்லை, பாஸ்ஸு.
உன் தோட்டத்தில் வெள்ளை நோய் புகுந்த வருடம் நினைவிருக்கிறதா?
ஒரு மட்டையின் ஒரு பக்கம் மட்டும்
அடியிலிருந்து நுனிவரை சாம்பல் பூத்து,
நுனி சுற்றி மறுபக்கம் இறங்கியது.
பதினெட்டு மரம்.
எல்லாம் பேர் உள்ளவை.
எரித்த குழிகள் இன்னும் கறுப்பு.
குழிகளுக்கு நடுவே இது நிற்கிறது,
மட்டையில் ஒரு புள்ளி இல்லாமல்.
காலடியில் ஒரு கன்றும் இல்லை.
இதன் பாளையில் மெஜூல் வம்சத்து மகரந்தம் தூவி
இருநூறு விதை ஊன்றினால்
சதை ஒரு பக்கத்திலும் உயிர் மறுபக்கத்திலும் வாங்கி
ஏதோ ஒன்று வரலாம்.
வராமலும் போகலாம்.

அவன் ரம்பத்தைக் கீழே வைக்கவில்லை.
தோள் மட்டும் மாற்றினான்.

இருபது பழம் என்பது கணக்கு.
தேநீர் குடித்துத் திரும்பினால் தட்டில் பதினேழு.
காதில் வெள்ளை மச்சமுள்ள ஆடு
யோசிக்காமல் மென்றுகொண்டிருந்தது.
பாஸ்ஸு சிரிக்கத் தொடங்கி
என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.
குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்:
மூன்று பழங்கள் ஆட்டால் உண்ணப்பட்டன.
நிலையத்தில் இதை வாசிக்கப்போகிறவர்களுக்கு
நகைச்சுவை உணர்வு கிடையாது.

இரவு பத்து மணிக்குத் தொலைபேசி.
"அசை போடும்போது துப்பிவிட்டது.
மூன்றையும் பொறுக்கிக் கழுவி வைத்திருக்கிறேன்."
கொட்டகையில் ஊரெல்லாம் தின்ற கொட்டை கிடக்குமே,
நம்முடையதென்று எப்படித் தெரியும் என்றேன்.
கொஞ்ச நேரம் ஆட்டுமணிச் சத்தம்.
"முதுகில் கண் வால்பக்கம் இருக்கிறதே.
இந்தத் தோட்டத்தில்
வேறெந்த மரம் அப்படிப் போடுகிறது?"

மரம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.
உத்தரத்தைப் பற்றி அவனும் பேசவில்லை.
விளக்கைப் போட்டு
தாளைத் திருத்தினேன்:
கொட்டைக்கு இருபது,
சதைக்குப் பதினேழு.