முதல் ஒச்சம்மா

வண்டன்மேட்டில் மழை பிடித்துக்கொண்ட சனிக்கிழமை.
கணக்கறை வரைக்கும் ஏலக்காய் உலரும் சூடு.
கணினியில் இரண்டு ஷீட்டுகள்.

ஒன்று ஆள்வருகை:
தங்கச்சன் சார் காட்டில் நின்று எழுதியது,
நனைந்து ஒட்டிய நோட்டைப் பிரித்து
நான் ஏற்றியது.
மற்றது வங்கிக் கணக்குகள்,
கம்பம், கூடலூர், கோம்பைக் கிளைகள்.

பெயரைக் கொடுத்தால் போதும்,
சூத்திரம் அங்கே போய்
மேலிருந்து கீழே தேடி
எண்ணைக் கொண்டுவந்து வைத்துவிடும்.
முதல் கட்டத்தின் மூலையைப் பிடித்து இழுத்தேன்.
நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும்
மளமளவென்று நிரம்பியது.
ஒரு கட்டத்திலும் பிழை காட்டவில்லை.
அனுப்பிவிட்டேன்.

திங்கள் காலை
ஜீப்பிலிருந்து இறங்கி நேரே வந்தாள் ஒச்சம்மா.
"எனக்கு நாலாள் கூலி ஏறியிருக்கு சார்.
மூணு பேருக்கும் நேத்தே பிரிச்சுக் குடுத்துட்டேன்.
சில்லறை இல்லாம
ஆளுக்கு எம்பது ரூவா நிக்குது."

ஷீட்டைத் திறந்து பார்த்தேன்.
நான்கு ஒச்சம்மா.
முதல் ஆளைக் கண்டதும்
தேடல் நின்றுவிடுகிறது.
கீழே இன்னும் மூன்று பேர்
கூடையோடு நிற்பது அதற்குத் தெரியாது.
எனக்கும்தான்.

புருஷன் பெயரைச் சேர்த்துப் பார்த்தேன்:
இரண்டு பேருக்குப் பெரியகருப்பன்.
ஊரைச் சேர்த்தேன்:
மூவரும் கே.கே. பட்டி.

மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் போய்க் கேட்டேன்,
நீங்கள் எப்படிப் பிரித்துக் கூப்பிடுவீர்கள்?
சிரித்த சிரிப்பில்
ஒருத்திக்குப் புரையேறியது.

"இவ முன்சீட்டு. டிரைவர் பக்கத்துல வேற யாரையும் உக்கார விடமாட்டா.
அவ புளியங்கா. மெட்டு ஏறி முடியுற வரைக்கும்
கடிச்சுக்கிட்டே வருவா, இல்லைன்னா வாந்தி.
நாலாள் கூலி வாங்குனவ இப்ப மொதலாளி."

நான்காவது ஒச்சம்மா மட்டும்
தூக்குவாளியை மூடினாள்.
"எனக்கு வச்ச பேரு ஆபீசுல வேணாம் சார்.
வெறும் ஒச்சம்மான்னே இருக்கட்டும்."
மற்றவர்கள் அவளைப் பார்க்காமல்
சோற்றைப் பிசைந்தார்கள்.

இரண்டு ஷீட்டிலும் ஒரு பத்தி கூட்டினேன்.
ஒச்சம்மா முன்சீட்டு.
ஒச்சம்மா புளியங்கா.
ஒச்சம்மா மொதலாளி.
ஒச்சம்மா.

இழுத்தேன்.
நான்கு பேருக்கு நான்கு எண்.
வெறும் பெயரைத் தேடிப்போன சூத்திரம்
இப்போதும் முதல் ஒச்சம்மாவிடம்தான் நின்றது.
அவள் ஒருத்திதான் அப்படி இருந்தாள்.

புதன்கிழமை தேவாரம் ஜீப்பில்
புதிதாக ஆறு பேர் வருகிறார்களாம்.
தங்கச்சன் சாரிடம்
பெயர் கேட்கப் பயமாக இருக்கிறது.